அரசுப் பள்ளிக்கு ஒரு கோப்பை, தனியார் பள்ளிக்கு ஒரு கோப்பையா?

அமெரிக்காவின் அலபாமா மாநில ஆளுநர் கே ஐவி, 2025 செப்டம்பரில் தன் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். அரசு தரும் கல்வி நிதியைப் பெற்றுத் தனியார் பள்ளிக்கு மாறும் மாணவர், முதல் ஓராண்டுக்குப் புதிய பள்ளியின் அணியில் ஆடக் கூடாது என்று சங்கம் அறிவித்ததுதான் காரணம். நீதிமன்றம் அந்தத் தடையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. வழக்கு ஒரு விதியைப் பற்றியதுதான். ஆனால், அதன் அடியில் இருப்பது பல மாநிலங்களில் தீராமல் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி: அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் ஒரே கோப்பைக்கு மோதுவது நியாயமா?

பள்ளி விளையாட்டு அங்கே சின்ன விஷயம் அல்ல. நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடுவோரின் கணக்கு ஆண்டுக்கு 80 லட்சத்தைத் தாண்டுகிறது (இரண்டு விளையாட்டு ஆடும் மாணவர் இதில் இரண்டு முறை எண்ணப்படுவார்). ஊரே திரண்டு வந்து வெள்ளிக்கிழமை இரவு பார்ப்பது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்; இங்கே இனிக் கால்பந்து என்பதெல்லாம் அதுதான். மாநிலப் பட்டம் வென்ற பள்ளி அந்தப் பெருமையை ஊர் எல்லைப் பலகையிலேயே எழுதிவைக்கும்.

கேள்வியை இப்போது சூடாக்கியிருப்பது அரசுப் பணம். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு நிதி தரும் திட்டத்தை அரிசோனா 2022இல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தது. அயோவா, புளோரிடா 2023இல் தொடர்ந்தன. அலபாமாவின் 2024ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் பள்ளியில் சேரும் மாணவருக்கு ஆண்டுக்கு 7,000 டாலர் வரை தருகிறது. டெக்சாஸ் 2025இல் 100 கோடி டாலர் ஒதுக்கியது. முன்பெல்லாம் எளிய குடும்பத்துப் பையனுக்கும் தனியார் பள்ளிக்கும் நடுவே கட்டணம் ஒரு சுவராக நின்றது. அந்தச் சுவரின் உயரம் குறைந்துவிட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் நகர்வார்கள் என்பதுதான் அரசுப் பள்ளிப் பயிற்சியாளர்களின் கவலை.

தலைகளை எண்ணும் வழக்கம்

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விளையாட்டுச் சங்கம் உண்டு. பெரும்பாலும் அது அரசுத் துறை அல்ல. பள்ளிகளே சேர்ந்து நடத்தும் அமைப்பு. விதிகளைப் பெரும்பாலும் பள்ளிகளின் பிரதிநிதிகளே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். சங்கத்தின் முதல் வேலை, பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி பல பிரிவுகளாகப் பிரிப்பது. பெரியவர்கள் பெரியவர்களுடன், சிறியவர்கள் சிறியவர்களுடன். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கோப்பை.

இப்படிப் பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இண்டியானா மாநிலக் கூடைப்பந்துதான் உதாரணம். அங்கே 1997 வரை எல்லாப் பள்ளிக்கும் ஒரே கோப்பை. 161 பேர் மட்டுமே படித்த மிலன் என்ற ஊர்ப் பள்ளி, ஏறக்குறைய பத்து மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை 1954 இறுதி ஆட்டத்தில் 32-30 என்று வென்றது. கடைசிக் கால்பகுதியில் மிலனின் பாபி பிளம்ப் நான்கு நிமிடத்துக்கும் மேல் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எதிரணியும் பறிக்க வரவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. இந்த வெற்றியைத் தழுவி 1986இல் திரைப்படமே வந்தது. இத்தனை ஆண்டு கழித்தும் அதைப் பேசுகிறார்கள் என்றால், அப்படி ஒன்று நடப்பது அத்தனை அரிது என்றுதான் பொருள். 1997-98இல் இண்டியானாவும் நான்கு பிரிவுகளுக்கு மாறியது. பழைய ரசிகர்கள் பலருக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

எண்ணிக்கைப்படி பிரிப்பதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. எல்லாப் பள்ளிக்கும் மாணவர்கள் ஒரே விதமாக வந்து சேர்கிறார்கள் என்ற அனுமானம். தனியார் பள்ளியை உள்ளே விட்டதும் அது ஆட்டம் காண்கிறது.

நானூறும் நானூறும் சமமா?

400 பேர் படிக்கும் ஓர் அரசுப் பள்ளியையும் 400 பேர் படிக்கும் ஒரு தனியார் பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அரசுப் பள்ளிக்கு வரைபடத்தில் எல்லைக்கோடு உண்டு. கோட்டுக்குள் குடியிருக்கும் எந்தப் பிள்ளையையும் அது சேர்த்தாக வேண்டும். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள், நேற்றுதான் நாட்டுக்குள் வந்த அகதிப் பிள்ளைகள், பள்ளி விட்டதும் கடையில் வேலைக்கு ஓடும் பிள்ளைகள் எல்லாரும் அந்த நானூறில் அடக்கம். ஆடுகளத்துக்கு வரவே முடியாதவர்களும் எண்ணிக்கையில் வருவார்கள். அதைக் கொண்டே பள்ளியின் பிரிவு முடிவாகும்.

தனியார் பள்ளிக்கு அந்தக் கோடு இல்லை. 30 மைல் தள்ளி இருப்பவரும் சேரலாம். விண்ணப்பம், நேர்காணல், கட்டணம் என்று மூன்று சல்லடைகளைத் தாண்டியவர்களே உள்ளே இருப்பார்கள். விளையாட்டுச் சாமான் வாங்கிக்கொடுக்கும் வசதியும் கூட்டிச்செல்ல வண்டியும் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் என்பதால், அணியில் சேர முன்வருவோரின் விகிதமும் கூடும். ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளி என்றால் கணக்கு இன்னும் மாறும். பல மாநிலங்களில் அப்படிப்பட்ட பள்ளியின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கித்தான் பிரிவு ஒதுக்குகிறார்கள்.

ஏற்றத்தாழ்வின் வலியைத் தாங்குவது உடல்தான். மோதி வீழ்த்துவதே ஆட்டமாக இருக்கும் அமெரிக்கக் கால்பந்தில், 30 பேரைக்கூடச் சேர்க்க முடியாத பள்ளி, இரட்டை ஆள்பலம் உள்ள பள்ளியிடம் சிக்கினால் பிற்பாதியில் அதே பையன்களே ஓய்வில்லாமல் களத்தில் நிற்க வேண்டும். காயம் அப்போதுதான் படும். 35 புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடும் விதி பல மாநிலங்களில் இருக்கிறது. அப்படியொரு விதி தேவைப்பட்டதே பிரிவு ஒதுக்கும் முறையின் மீதான விமர்சனம்தான்.

மறுபக்கமும் உண்டு. தனியார் பள்ளி என்றாலே பணக்காரப் பள்ளி என்பது பாதிப் பொய். அமெரிக்காவின் தனியார் பள்ளிகளில் பெரும்பான்மை, தேவாலயங்களைச் சார்ந்து நடப்பவை. நூறு பேரைச் சேர்க்கவே திணறும் சிற்றூர்ப் பள்ளிகளும் அவற்றில் ஏராளம். அரசுப் பள்ளி என்றாலே ஏழைப் பள்ளி என்பதும் அதே அளவு பொய். டெக்சாஸின் ஆலன் என்ற வசதியான புறநகரில், ஒரே ஓர் அரசுப் பள்ளிக்காக 18,000 பேர் அமரும் கால்பந்து மைதானம் 2012இல் திறக்கப்பட்டது. செலவு 6 கோடி டாலர். (இரண்டே ஆண்டில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு அதை மூட வேண்டிவந்தது, 2015இல் மறுபடி திறந்தார்கள்.) அந்த எல்லைக்குள் வீடு வாங்க முடிந்தவரின் பிள்ளைக்குத்தான் அந்த மைதானம். கட்டணம் வாங்கும் பள்ளிக்கு ஒரு சல்லடை என்றால், வீட்டு விலை இன்னொரு சல்லடை.

ஒரு கடிதம், பத்தாண்டு வழக்கு

தனியார் பள்ளிகள் மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, ஆள்பிடிப்பு. விளையாட்டுக்காக மாணவரை இழுப்பதை எல்லாச் சங்கங்களும் தடை செய்திருக்கின்றன. எது இழுப்பது, எது வெறும் அழைப்பு என்பதில்தான் தகராறு.

டென்னஸி மாநிலத்தின் பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் 1997இல் எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த கல்வியாண்டுக்கு அதே பள்ளியில் சேர ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள் அவர்கள். வசந்தகாலப் பயிற்சிக்கு வந்து பார்க்கலாம், சீக்கிரம் சேர்ந்துகொள்வது நல்லது என்பது கடிதத்தின் சாரம். சங்கம் இதை ஆள்பிடிப்பு என்றது. 3,000 டாலர் அபராதம், நான்காண்டு கண்காணிப்பு, கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் இரண்டாண்டு இறுதிச் சுற்றுகளில் ஆடத் தடை.

வழக்கு இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. உறுப்பினர்களில் 84 சதவீதம் அரசுப் பள்ளிகள் என்பதால் சங்கத்தை வெறும் தனியார் மன்றமாகக் கருத முடியாது, அது அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று 2001இல் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. ஆள்பிடிப்புத் தடை கருத்துச் சுதந்திரத்தை மீறவில்லை என்று 2007இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். கடிதம் பெற்ற எட்டாம் வகுப்புப் பையன்கள் அதற்குள் கல்லூரி வயதைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

ஓர் அரசுப் பள்ளிப் பயிற்சியாளர், பக்கத்துத் தெரு நடுநிலைப் பள்ளிப் பையன்களைப் பயிற்சிக்கு வரச் சொன்னால் பெரும்பாலும் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். அந்தப் பையன்கள் எப்படியும் அங்கேதான் வந்து சேர்வார்கள். ஒரே செயல், எல்லைக்கோடு இருக்கும் இடத்தில் இயல்பாகவும் இல்லாத இடத்தில் குற்றமாகவும் ஆகிறது. ஆகவே, தகராறின் வேர் ஆட்டக்காரர் எங்கிருந்து வருகிறார் என்பதில் இருக்கிறது. பள்ளிக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் அல்ல. சங்கங்கள் தேடிய தீர்வுகளில் பலவும் இந்த இடத்தில்தான் தடம் மாறின.

பெருக்கியும் பிரித்தும் பார்த்தார்கள்

எளிதான தீர்வு பெருக்கல். இல்லினாய்ஸில் தனியார் பள்ளி போன்ற எல்லைக்கோடு இல்லாத பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கும் விதி உண்டு. அப்படிப் பெருக்கினால் 400 என்பது 660 ஆகிவிடும், பள்ளி மேல் பிரிவுக்குப் போகும். மிசௌரி 2002இல் 1.35 என்று வைத்தது. அலபாமாவும் அதே எண்ணைத்தான் வைத்திருந்தது. டென்னஸியில் 1.8. ஒரே சிக்கலுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு விடை வருகிறது என்றால், கணக்கைவிடப் பேரம்தான் அதிகம் நடந்திருக்கிறது.

பெருக்கலின் குறை, விலக்கு வைக்காவிட்டால் அது ஆளைப் பார்க்காமல் அடிக்கிறது. பத்தாண்டாக ஒரு பதக்கம்கூடப் பார்க்காத 120 பேர் பள்ளிக்கும் அதே எண், ஆண்டுதோறும் கோப்பை தூக்கும் பள்ளிக்கும் அதே எண். பலவீனமான பள்ளி மேல் பிரிவில் போய் அடிவாங்கும். பலமான பள்ளி ஒரு படி ஏறி அங்கேயும் வெல்லும். மிசௌரி கடைசியில் பெருக்கலைக் கைவிட்டது.

இரண்டாவது தீர்வு, முற்றாகப் பிரித்துவிடுவது. நியூஜெர்சியில் அரசுப் பள்ளிக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனிப் பட்டம். மேரிலாண்ட், வர்ஜீனியா மாநிலங்களின் முதன்மைச் சங்கங்களே அரசுப் பள்ளிகளுக்கானவை. டெக்சாஸிலும் அப்படித்தான், இரண்டு யேசு சபைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. பார்வைக்கு இது சுத்தமான தீர்வு.

பிரித்த பிறகு என்ன ஆகிறது என்பதை லூசியானாவில் பார்க்கலாம். ஜான் கர்டிஸ், இவாஞ்சல் போன்ற தனியார் பள்ளிகள் கால்பந்துப் பட்டங்களை அள்ளிக்கொண்டிருந்த மாநிலம் அது. பள்ளி முதல்வர்கள் 2013 ஜனவரியில் வாக்களித்து, கால்பந்து இறுதிச் சுற்றுகளை இரண்டாகப் பிரித்தார்கள். மாணவரைத் தேர்ந்து சேர்க்கும் பள்ளிகள் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். நியூ ஆர்லியன்ஸில் நடக்கும் மாநில இறுதி ஆட்டங்கள் ஐந்திலிருந்து ஒன்பதாயின. கோப்பைகள் கூடின, ஒவ்வொரு கோப்பைக்கும் மோதும் பள்ளிகள் குறைந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பிரிவினை கூடைப்பந்து, பேஸ்பால், சாஃப்ட்பாலுக்கும் பரவியது.

கதை அதோடு நிற்கவில்லை. அரசு நிதியில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகள், தகுதி பார்த்துச் சேர்க்கும் மேக்னட் பள்ளிகள், எல்லைக்கோடே இல்லாமல் யாரும் எங்கும் சேரக்கூடிய நியூ ஆர்லியன்ஸ் நகர அரசுப் பள்ளிகள் ஆகியவையும் தேர்ந்து சேர்ப்பவைதானே என்ற கேள்வி வந்தது. சங்கம் 2022இல் வரையறையைத் திருத்தி, அப்படிப்பட்ட அரசுப் பள்ளிகள் பலவற்றைத் தனியார் பள்ளிகளோடு சேர்த்தது. தனியார் பள்ளிகளை ஒதுக்கப் போட்ட கோடு, ஒன்பதே ஆண்டில் அரசுப் பள்ளிகளின் நடுவே ஓடியது.

வெற்றியையும் வரவையும் அளந்தவர்கள்

இண்டியானா வேறு வழி எடுத்தது. 2012இல் அது கொண்டுவந்த முறையில் அரசு, தனியார் என்ற பேச்சே இல்லை. எந்தப் பள்ளியானாலும் வென்றால் புள்ளி: முதல் கட்டப் பட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கு மேல் மூன்று, மாநிலப் பட்டத்துக்கு நான்கு. இரண்டு ஆண்டில் ஆறு புள்ளி சேர்ந்தால் அந்த விளையாட்டில் மட்டும் ஒரு பிரிவு மேலே. கால்பந்தில் கொடிகட்டிப் பறக்கும் பள்ளியின் வாலிபால் அணி தன் இடத்திலேயே இருக்கும். வெற்றியைப் புள்ளியாக எண்ணும் வழக்கத்துக்கு மிசௌரியும் பின்னர் வந்தது.

நேர்மையான முறை, ஆனால் முழுமையானது அல்ல. புள்ளி சேர்த்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். மேல் பிரிவில் அடிவாங்குவது அவர்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள். உச்சிப் பிரிவில் இருப்பவரை ஏற்றுவதற்கு மேலே இடமும் கிடையாது. தெற்குக் கலிஃபோர்னியாவில் பள்ளியின் உடைமையைப் பார்க்காமல் ஆட்டத் தரம் பார்த்தே கால்பந்துப் பிரிவுகளை அமைக்கிறார்கள். அப்படியும், 2016 முதல் 2024 வரை நடந்த ஒவ்வொரு பருவத்திலும் முதல் பிரிவுப் பட்டம் மேட்டர் டே, செயின்ட் ஜான் பாஸ்கோ என்ற இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகளில் ஒன்றிடமே போனது. ஆனால் இதில் ஒரு நன்மை இருக்கிறது. அவ்விரு பள்ளிகளும் மேலே தங்களுக்குள் மோதிக்கொண்டிருக்க, கீழே உள்ளவை தங்களுக்கு ஈடானவர்களோடு ஆட முடிகிறது.

ஓஹியோவின் முறைதான் வேர் வரை போகிறது. அங்கே தனித்தனிக் கோப்பை என்ற யோசனை 1978இலும் 1993இலும் வாக்கெடுப்பில் தோற்றது. நடுவழி யோசனைகள் 2011, 2012, 2013 என மூன்று ஆண்டு அடுத்தடுத்து சொற்ப வித்தியாசத்தில் விழுந்தன. 2014இல் 411-323 என்று ஒன்று தேறி, 2017-18இல் நடைமுறைக்கு வந்தது. இதில் பள்ளி அல்ல, அணிப் பட்டியல் எண்ணப்படுகிறது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் எங்கே குடியிருக்கிறார், ஏழாம் வகுப்பிலிருந்து அதே பள்ளி அமைப்பில் தொடர்ந்து வளர்ந்தவரா, இடையில் வந்தவரா என்று பார்ப்பார்கள். வெளியிலிருந்து வந்தவருக்கு ஏற்ப, விளையாட்டுக்கு விளையாட்டு மாறும் ஒரு எண் பள்ளியின் கணக்கில் கூடும். தன் தேவாலயப் பள்ளியிலேயே வளர்ந்த பிள்ளைகளை வைத்து ஆடும் சிறு கத்தோலிக்கப் பள்ளிக்குச் சுமை ஏறாது. பக்கத்து மாவட்டத்திலிருந்து ஆள் சேர்க்கும் அரசுப் பள்ளிக்கு ஏறும். அலுவலகத்தில் தாள் வேலை கூடும் என்பது உண்மை. தலைமையாசிரியர்களின் முணுமுணுப்பிலும் நியாயம் உண்டு. ஆனாலும், இருக்கும் முறைகளில் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டது இதுதான்.

என்ன செய்யலாம்?

முதலில், விதிப் புத்தகத்தில் ‘தனியார்’, ‘அரசு’ என்ற சொற்களுக்குப் பதிலாக ‘எல்லைக்கு உட்பட்டவர்’, ‘எல்லைக்கு வெளியிலிருந்து வந்தவர்’ என்ற கணக்கைக் கொண்டுவர வேண்டும். ஓஹியோவைப் போல அணிப் பட்டியலை எண்ணுவது, குறைந்தபட்சம் கால்பந்து, கூடைப்பந்து போன்ற பெரிய விளையாட்டுகளில் எல்லா மாநிலங்களுக்கும் சாத்தியமே. முகவரியும் முந்தைய பள்ளியும் சேர்க்கைப் படிவத்தில் ஏற்கெனவே இருப்பவைதான்.

அரசு நிதியோடு பள்ளி மாறும் மாணவருக்கும் இதே கணக்கு பொருந்தும். ஓராண்டு அவரை வெளியே உட்காரவைப்பது, உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டில் கால்பங்கைப் பறிப்பதாகும். அவர் முதல் நாளிலிருந்தே ஆடட்டும். அவரால் பள்ளியின் எண்ணிக்கை கூடட்டும். விலையைப் பள்ளி கொடுக்கும், பிள்ளை கொடுக்காது.

வெற்றிப் புள்ளி முறையை இதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், இரண்டு திருத்தங்களோடு: விளையாட்டுவாரியாக மட்டும் ஏற்றுவது; மேல் பிரிவில் ஒரு பருவம் முழுக்க வெற்றியே காணாத பள்ளி, இரண்டாண்டுச் சுற்று முடியும்வரை காத்திராமல் மேல்முறையீடு செய்ய வழிவிடுவது.

வறுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மினசோட்டாவில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறும் மாணவர்களில் 40 சதவீதத்தைக் கழித்துவிட்டே பள்ளியின் எண்ணிக்கையைப் போடுகிறார்கள். நகரத்து ஏழை அரசுப் பள்ளிக்கும், எளிய குடும்பங்களைச் சேர்க்கும் தேவாலயப் பள்ளிக்கும் ஒரே கழித்தலில் பலன் கிடைக்கும். பெருக்கல் எண்ணைப் பற்றி வாதாடும் சங்கங்கள் இந்தக் கழித்தலைப் பற்றிப் பேசுவது குறைவு.

தனித்தனிக் கோப்பைதான் வேண்டும் என்று முடிவெடுக்கும் மாநிலங்கள், பருவ ஆட்டங்களையாவது சேர்ந்தே நடத்த வேண்டும். அக்கம்பக்கத்துப் பள்ளிகளோடு ஆடாமல் தன் இனத்தைத் தேடி மூன்று மணிநேரம் பேருந்தில் போகும் அணி, பயணச் செலவோடு நுழைவுச்சீட்டு வருமானத்தையும் இழக்கும். அரசுப் பள்ளிக்கும் அதே நஷ்டம்தான்.

கடைசியாக, காலமும் வெளிப்படைத்தன்மையும். பிரிவுகளை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றும் மாநிலங்கள், எட்டாம் வகுப்புக் குடும்பங்கள் சேர்க்கைப் படிவம் நிரப்புவதற்கு முன்பே புதிய விதிகளை அறிவித்துவிட வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் எந்தக் கணக்கில் எந்தப் பிரிவுக்குப் போனது, அணியில் எத்தனை பேர் எல்லைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதைப் பெயர்களைத் தவிர்த்து எண்களாக மட்டும் சங்கத்தின் தளத்தில் வெளியிட வேண்டும். பள்ளி மாறுதல் பற்றிய முறையீடுகளை விசாரிக்கும் குழுவில் போட்டிப் பள்ளிகளின் முதல்வர்கள் இருக்கக் கூடாது. வெளியாட்கள் மூவர் போதும். அவர்கள் தீர்ப்புச் சொல்ல 30 நாள் கெடு.